பல் செட்டுக்குப் பிறந்து மணலிக்கு வந்த பசை

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஹார்டுவேர் கடையில் போய் நின்று "பைப் ஒழுகுதுண்ணா" என்று சொன்னால் போதும், கடைக்காரர் எம்-சீல் பாக்கெட் ஒன்றை எடுத்து வைப்பார். "கைப்பிடி உடைஞ்சிடுச்சு" என்றால் இரண்டு ட்யூப் போட்ட அரால்டைட் பெட்டி வரும். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம், எபாக்ஸி. விமான பாகங்கள், மின் கடத்தாக் கட்டைகள், விரிசல் கண்ட பாலத் தூண்கள் என்று பெரிய இடங்களில் பாரம் சுமக்கும் பொருள் இது. அதுதான் நம் வீட்டுக் குழாய் மூட்டிலும் பீங்கான் கோப்பையின் காதிலும் உட்கார்ந்திருக்கிறது. அது இங்கே வந்து சேர்ந்த கதையில் வடசென்னைக்குச் சொந்தமாக ஒரு அத்தியாயம் உண்டு. கார் பிறந்த ஊர், புல்லட் பிறந்த ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கதை தொடங்குவது ஸ்விட்சர்லாந்தில், பல் செட் செய்யும் தொழிலில். பியர் காஸ்டன் என்ற வேதியியலாளர் டி ட்ரே என்ற பல் மருத்துவப் பொருள் நிறுவனத்துக்காக வேலை பார்த்தார். செயற்கைப் பல் வரிசையைத் தாங்கும் தளம் வாய்க்குள் அச்சாகப் பொருந்த வேண்டும். வார்த்து இறுகும்போது பொருள் சுருங்கினால் ஈறில் உட்காராது. இறுகும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் ஒன்றைத் தேடிப்போய் அவர் எபாக்ஸி ரெசினில் வந்து நின்றார். 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1934-லேயே இந்த வழியில் சில அடிகள் நடந்திருந்தார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பெயின்டுக்காக இதே பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். பல் செட் வியாபாரத்தில் காஸ்டனின் ரெசின் எடுபடவில்லை. உரிமம் பாசல் நகரத்து சிபா நிறுவனத்துக்குப் போயிற்று. 1946-ல் பாசலில் நடந்த தொழிற் கண்காட்சியில் அரால்டைட் என்ற பெயரில் அது வெளியே வந்தது.

இது ஏன் இப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் ஒட்டும்போது செய்யும் தவறுகளில் பாதி தானாகவே குறையும். ரெசின் மூலக்கூறின் இரு முனையிலும் ஓர் ஆக்ஸிஜனும் இரண்டு கார்பனும் சேர்ந்த சின்ன வளையம் இருக்கிறது. மூன்று அணுக்களை ஒரு முக்கோணத்தில் மடக்கி வைத்ததால் அந்த வளையம் எப்போதும் இறுக்கத்தில் தவிக்கும். இன்னொரு ட்யூபில் வரும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் வந்து தொட்டதும் திறந்துகொண்டு அதைக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அமீனும் பல வளையங்களைப் பிடிப்பதால் கோடாக ஓடிய சங்கிலிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னி வலையாகின்றன. அந்த நேரத்தில் சூடும் பிறக்கும். கப்பில் நிறையக் கலந்து வைத்தவர்களுக்குக் கை சுடும் அனுபவம் இருக்கும். வளையம் திறந்த இடத்தில் உருவாகும் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் முனைகள்தான் இரும்பையும் கண்ணாடியையும் சிமெண்டையும் பற்றிக்கொள்பவை. வலை ஒருமுறை பின்னிவிட்டால் திரும்ப உருகாது.

பெரிய தொழிலின் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. 1983-ல் லண்டனின் குரோம்வெல் சாலையில் ஒரு ஃபோர்டு கார்ட்டினா காரையே விளம்பரப் பலகையில் அரால்டைட் போட்டு ஒட்டி நிறுத்தினார்கள். இது தேநீர்க் கெண்டியின் பிடியையும் ஒட்டும் என்று கீழே எழுதி வைத்தார்கள். காரைத் தாங்கும் சரக்கு உன் சமையலறைக்கும் வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் எபாக்ஸி முதலில் குஜராத்தில் காலூன்றியது. 1960-ல் அதுல் நிறுவனமும் சிபாவும் சேர்ந்து சிபாதுல் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்த கட்டம் நம்மூரில்.

சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலிக்குப் போகிறது. அங்கே 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று பதிவாகி, 1969-ல் உற்பத்தி தொடங்கிய ஆலைதான் இன்றைய சிபிசிஎல். பெட்ரோலும் டீசலும் எடுக்கும்போது கூடவே கிடைக்கும் வாயுக்களில் ஒன்று புரொப்பிலீன். ஆலையைச் சுற்றி, அதன் பொருட்களை நம்பியே ஒரு பெட்ரோகெமிக்கல் ஊர் எழுந்தது. உர நிறுவனமான ஸ்பிக்கும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் அதில் ஒன்று. துணி துவைக்கும் பவுடருக்கான மூலப்பொருள் அதன் முதல் சரக்கு. 1990களில் எபிகுளோரோஹைட்ரின் என்ற திரவத்தையும் அங்கே செய்யத் தொடங்கினார்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் கிடைக்கும் குளோரினோடு புரொப்பிலீனைச் சேர்த்தால் வருவது அது. எபாக்ஸியின் அந்த இறுக்கமான வளையத்தைக் கொடுப்பதும் அதுவே. பெட்ரோ அரால்டைட் என்ற கூட்டு நிறுவனம் அதை வைத்து மணலியிலேயே எபாக்ஸி ரெசின் செய்தது. சிபாவின் எபாக்ஸிப் பிரிவு பிறகு வான்டிகோ ஆனது, 2003-ல் அமெரிக்க நிறுவனமான ஹன்ட்ஸ்மன் கைக்குப் போனது. மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் போகும் டேங்கர் லாரிகளில், எந்த வீட்டிலோ எந்தக் குழாயையோ பிடிக்கப்போகும் பசையின் கரு இருந்திருக்கிறது.

இந்த உற்பத்திக்கு ஊர் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எபிகுளோரோஹைட்ரின் நச்சு. மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாதது, புற்றுநோய் வரவைக்கக்கூடியவற்றின் பட்டியலில் உள்ளது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. பசையின் பயன் ஊரெங்கும் போயிற்று, அதைச் செய்த இடத்தின் மாசேறிய காற்றும் தண்ணீரும் இங்கேயே தங்கிவிட்டன. இது என் மனதை விட்டுப் போகாத கணக்கு.

எபிகுளோரோஹைட்ரின் உற்பத்தி மணலியில் நீடிக்கவில்லை. மலிவான இறக்குமதியோடு மல்லுக்கட்ட முடியாமல் 2010களில் நின்றுபோனது. இந்தியாவில் அது மறுபடி தொடங்கியது 2022-ல், குஜராத்தின் தஹேஜில். இந்த முறை மூலப்பொருள் கிளிசரின், பெட்ரோலிய வாயுவுக்கு வேலையில்லை.

கடை அலமாரியிலும் இதே காலத்தில் மாற்றங்கள் நடந்தன. ஃபெவிகால் செய்யும் பிடிலைட் 2000-ல் எம்-சீலை வாங்கியது. 2020-ல் ஹன்ட்ஸ்மனிடமிருந்து அரால்டைட் உள்ளிட்ட இந்திய வியாபாரத்தைச் சுமார் 2,100 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கடைக்காரர் நம் முன்னால் வைக்கும் இரண்டு பாக்கெட்டும் இன்று ஒரே கம்பெனிக்குச் சொந்தம்.

கம்பெனிகள் பாக்கெட் போட்டதால் மட்டும் இது வீட்டுக்குள் வந்துவிடவில்லை. வடசென்னையில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் இல்லாத தெரு அபூர்வம். எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட், கார்போரண்டம் யுனிவர்சல், துறைமுகத்துப் பட்டறைகள் என்று ஒர்க்‌ஷாப்பில் பொருளைக் கையாண்டு பழகிய கைகள் வீட்டிலும் சும்மா இருக்காது. எதை ஒட்டலாம், எதை வெல்டு வைக்க வேண்டும், எதைத் தூக்கிப் போடலாம் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம். காசிமேட்டிலும் அப்படியே. மரப் படகின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசிய கடற்கரை அது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பைபர் படகு நிறைந்தபோது கண்ணாடி இழை மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் குப்பத்துக்குள் வந்தன. படகுக்குப் பட்டி போட்டு மிஞ்சிய ரெசினால் குளியலறைக் கதவின் அடிப்பாகத்தையும் தொட்டியின் விரிசலையும் அடைப்பது இங்கே சாதாரணம். இந்த ரெசின் எபாக்ஸி இல்லை. விலை குறைவு, இறுகும்போது அதிகம் சுருங்கும், இரும்பின் மேல் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. அதனால் படகுக்குப் பொருந்திய சரக்கு குழாய்க்குப் பொருந்தும் என்று இருந்துவிடக் கூடாது.

அனுபவப்பட்ட ஃபிட்டர் ஒருவர் ஒட்டுவதைக் கவனித்தால், பசையைத் தொடுவதற்கு முன்பே அவருடைய வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் எந்த இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அதன்மேல் ஒட்டினால் பசை உப்பைத்தான் பிடிக்கும், இரும்பைப் பிடிக்காது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுவார். துரு போய்ப் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்ப்பார். பிறகு தின்னர் தொட்ட துணியால் துடைத்து, விரல் படாமல் வைத்துக்கொள்வார். ரெசினும் ஹார்டனரும் சம அளவு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாகப் போடுபவர்கள் உண்டு. பிடிக்க வளையம் கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, ஒட்டு பிசுபிசுவென்று நிற்கும். எம்-சீலை நிறக்கோடு ஒன்றுகூடத் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். மெல்லிய படலமாகப் பூசி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். அந்த ஒரு நாள்தான் நம் வீடுகளில் கிடைப்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்வேன். வெறும் கையால் பிசையாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் விடாது, பிறகு கொஞ்சம் பட்டாலே தோல் வெடிக்கும். அடுப்பில் ஏறும் பாத்திரத்துக்கும் கேஸ் ட்யூபுக்கும் இதை நம்பாதீர்கள். வீட்டு உபயோக எபாக்ஸி தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகிப் பலம் இழந்துவிடும். கேஸ் ட்யூபில் கசிவு என்றால் ட்யூபை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

காரைத் தூக்கிப் பிடித்த இந்தப் பசை, வடசென்னையில் அதிகம் உடையும் பொருளிடம் தோற்றுப்போகிறது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடம்தான் அது. குடம் பாலிஎத்திலீன், மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியும் அதே. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் எபாக்ஸி பற்றிக்கொள்ள எந்த முனையும் இல்லை. காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் முழுத் தகடாகப் பெயர்ந்து வரும். தொழிற்சாலைகளில் நெருப்புச் சுவாலையை ஒரு கணம் பிளாஸ்டிக்கின் மேல் ஓட்டி, மேற்பரப்பை ஆக்ஸிஜனேற்றிவிட்டுத்தான் ஒட்டுவார்கள். நம் தெருக்களில் பழைய குடத்தின் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, பழுக்கக் காய்ச்சிய கத்தியால் உருக்கி, ஓட்டையின் மேல் இழைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்க்கும் அந்த வேலை முறைப்படி சரியானது. குடத்துக்கு அரால்டைட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.