மேஸ்திரியிடமிருந்து பதிவேட்டுக்கு

வேலை தேடுவோருக்குச் சென்னையின் மூலக்கொத்தளம் தோதான இடமாக இருந்தது. பழைய கறுப்பர் நகர மதிலின் வடமேற்கு மூலையை ஒட்டிய இப்பகுதியிலிருந்து, 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆலை வாசலுக்கு நடந்து போனால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. முதலில் ஒரு மேஸ்திரியைப் பிடிக்க வேண்டும்.

ஆள் எடுப்பவரும், வேலை வாங்குபவரும், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் அந்த மேஸ்திரியே. ஊர்க்காரர், உறவுக்காரர், சாதிக்காரர் என்ற வழியில் அவரை அணுகினார்கள், மாமூலும் கொடுத்தார்கள். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-இல் தந்த அறிக்கையில், ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர்களிடம் கொடுக்கச் சொன்னது. பரிந்துரை நல்லதுதான், நடைமுறை மெல்லத்தான் மாறியது.

துறைமுகத்தில் நிலைமை இன்னும் மோசம். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவ்டோர் நிறுவனங்களுக்கு மேஸ்திரிகள் அன்றன்றைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். லண்டன் துறைமுகத்திலும் இதே கதைதான். 1889-இல் அங்கு நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்கு அன்றாட ஆள் பொறுக்கல் ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி சென்னையில் 1953-இல் அமைந்த ‘டாக் லேபர் போர்டு’, விஞ்ச் ஓட்டுபவர், மஸ்தூர் என வகைவாரியாகப் பெயர்களைப் பதிந்து, சுழற்சி முறையில் வேலைக்கு அனுப்பியது. வந்து நின்றும் வேலை இல்லையென்றால் வருகைப்படி உண்டு. மேஸ்திரியின் தயவு போய் வரிசை எண் வந்தது. ஆனால் அது பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த பாதுகாப்பு. வெளியே நின்றவருக்குக் கதவு முன்னைவிட இறுக்கமாகவே மூடியது. 1983-இல் கன்டெய்னர் முனையம் திறந்தபின் மூட்டை தூக்கும் கைகளுக்குத் தேவை குறைந்தது. 2001-இல் போர்டு துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது.

படித்தவர்களுக்கான பதிவேடு வேறு. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1948-இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’ போய்ப் பதிவதே வேலை தேடலின் முதல் படி என்றானது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றைக் காட்டிப் பெற்ற பதிவு அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் சீனியாரிட்டி போய்விடும் என்பதால் அந்த அட்டையைப் பாதுகாத்தார்கள்.

1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களைத் தவிர மற்றவை காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைகளுக்கு முழு விலக்கு. எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளைச் சுற்றி மலிந்த தற்காலிகக் கூலி வேலைக்கு இந்த விலக்கு நன்றாகவே பொருந்தியது. பழைய மேஸ்திரியின் இடத்தில் கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தார்.

அரசு வேலைக்கும் பதிவு மூப்பு மட்டும் போதாது, பத்திரிகை விளம்பரம் மூலமும் விண்ணப்பம் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். காத்திருப்பின் நீளத்தை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். இப்போது பதிவும் புதுப்பித்தலும் இணையத்தில் நடக்கின்றன. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்களையும் நடத்துகின்றன. கல்விச் சான்றிதழ் நகல், ஆதார், சுயவிவரக் குறிப்பு, புகைப்படம் ஆகியவற்றோடு வருபவர்கள் அங்கேயே நிறுவன அலுவலர்களை நேரில் பார்க்கலாம்.