ஹயாத்தும் ஹயவானும்

பெரியவர் பேச்சை இடைமறித்து, எடுத்தெறிந்து ஏதாவது சொல்லிவிட்டு ஒரு பொடியன் நடந்தால், இலங்கையின் புல்மோட்டையில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் வந்து விழும்: “ஹயவான்!” இல்மனைட்டால் கறுத்த மணலில் கரைவலை இழுக்கும் இடத்திலும் அது கேட்கும், உம்மா பிள்ளையைக் கண்டிக்கும் முற்றத்திலும் கேட்கும். அதபு, அதாவது மரியாதை, இல்லாதவன், மனுசத்தன்மை கெட்டவன் என்று பொருள்.

அந்தச் சொல் பிறந்த வீடு வேறு. அரபியில் ஹயாத் என்றால் உயிர், வாழ்வு. மிருகத்தைக் குறிக்கும் ஹயவானும் அதே வேரில் கிளைத்ததுதான். குர்ஆனின் 29ஆம் அத்தியாயம், அல்அன்கபூத், 64ஆம் வசனத்தில் ஹயவான் மிருகமே அல்ல. மறுமைதான் மெய்யான வாழ்வு என்று சொல்லுமிடத்தில், அந்த மெய்வாழ்வுக்கு நிற்கும் சொல் இதுதான். இதை அறிந்த நாளிலிருந்து அந்த ஏச்சு என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

‘உயிருள்ளது’ என்ற பொருள் விலங்குக்கும் நின்றது. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலின் பெயர் ‘கிதாபுல் ஹயவான்’. அரபுத் தர்க்கவியலார் மனிதனையே ‘ஹயவான் நாதிக்’, அதாவது பேசும் உயிர், என்று வரையறுத்தார்கள். மனிதனை மற்ற உயிர்களிடமிருந்து பிரிப்பது பேச்சு. வாய் கெட்டவனை இந்தச் சொல்லால் ஏசுவது அதனால்தான் இவ்வளவு பொருந்துகிறது: நாதிக்கை அவனே பாழாக்கிவிட்டான், மிச்சம் ஹயவான்.

கடல் தாண்டிய இடமெல்லாம் அது வசையாகவில்லை. இந்தோனேசியாவில் மிருக வைத்தியர் ‘டொக்டர் ஹேவான்’, மரியாதையான பெயர். ஆனால் உருதுவிலும் இந்தியிலும் ஹைவான் கொடூரனையும் குறிக்கும். தமிழில் முஸ்லிம்களின் நாவில் அது ஏச்சாகத் தங்கியது.

நம்மிடம் ஏற்கெனவே இருந்த ‘பிராணி’யும் பிராணனில், உயிரில், பிறந்ததுதான். அதற்கு வாய்த்ததோ இரக்கம். வாயில்லாப் பிராணி என்கிறோம், சாதுவான ஆளை அப்பிராணி என்கிறோம். ஒரே பொருளில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு அன்பும் மற்றதற்குக் கோபமும் கிடைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

பொடியனை ஹயவான் என்று ஏசிய அதே உம்மா, அந்தியில் வெளியூர் உறவினர் வந்தால் முதலில் கேட்பது: “மூத்தம்மா ஹயாத்தோட இருக்காவா?”