பட்டு, தோல், குரோமியம்

சங்க மலர் என்றால் பழைய பேராசிரியர்கள், விடுதிச் சாப்பாடு, இவைதான் நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது. இந்த முறை நான் கொஞ்சம் வேதியியல் எழுதுகிறேன். பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம், சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது!

எனக்கு ஊர் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன். "படிகாரம் போட்டாத்தான் சாயம் பட்டுல நிக்கும்" என்று பெரியவங்க சொல்வாங்க. ஏன் நிற்கிறது என்பது, கல்லூரியில் அணைவுச் சேர்மங்கள் பாடம் வந்தபோதுதான் புரிந்தது. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறு பக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆல்ஃபிரெட் வெர்னர் 1893இல் சொன்ன கொள்கையின் வழியில் வந்த விளக்கம் இது. அவருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டும் புரதம், தோலும் புரதம். எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆரணிப் பக்கம் பட்டு என்றால், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல். அங்கே அலுமினியத்தின் வேலையைக் குரோமியம் செய்கிறது. பச்சைத்தோல் சுமார் 65 டிகிரி வெந்நீரில் சுருங்கிவிடும். குரோமில் பதனிட்ட தோல் 100 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். தோலின் புரதத்திலுள்ள கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமியம் பாலம்போல் இணைத்துவிடுவதுதான் காரணம்.

இந்தப் பாலத்தை ஆராய்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டாக்டர் டி. ராமசாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் படித்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே ஏ. ஜி. சைக்ஸுடன் சேர்ந்து அவர் 1976இல் வெளியிட்ட கட்டுரை, கந்தகம் ஒட்டிய ஒரு குரோமிய அணைவைப் பற்றியது. தோல் பதனிடும் ஊர்க்காரர் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். பிறகு அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் பரிமாற்ற ஆய்வு. அதன்பின் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்.

குரோமியத்தின் குணம் ஒன்று உண்டு: மகா சோம்பேறி. தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளில் பாதியை மாற்றிக்கொள்ளவே அதற்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். தாமிரத்துக்கு ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆனால் தொழிற்சாலையில் மூன்று நாள் யார் காத்திருப்பார்கள்? சில மணி நேரத்தில் டிரம்மிலிருந்து தோலை எடுத்தாக வேண்டும். அதனால் வழக்கமான முறையில் போட்ட குரோமில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மீதி கழிவுநீரோடு வெளியே போகும். எங்கே போகும் என்று வேலூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

பதனிடும் கரைசலில் குரோமியம் ஒரே வடிவில் இருப்பதில்லை. தனியாக, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்ந்தும் இருக்கிறது. ராமசாமியும் அவருடைய சகாக்களும் இவற்றைப் பிரித்து, எது புரதத்தோடு நன்றாக ஒட்டுகிறது, எது ஒட்டாமல் போகிறது என்று பார்த்தார்கள். 1999இல் வந்த கட்டுரைகளில் இது இருக்கிறது. ஒட்டாத வடிவம்தானே சாக்கடைக்குப் போகிறது! என் பார்வையில் அவருடைய வேலையிலேயே நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். குரோமோடு அலுமினியமும் சேர்ந்த 'ஆல்குரோட்டான்' என்ற பதனிடும் பொருளும், கழிவிலிருந்து குரோமை மீட்டு மறுபடி உபயோகிக்கும் முறையும் அந்த நிலையத்திலிருந்து வந்தவை.

1993இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. நியாயமாகச் சொன்னால், பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமைவிட உப்புக்கே பங்கு அதிகம். அந்த உப்புக்கு இந்த அணைவு வேதியியல் மட்டும் போதாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் ஆய்வகத்தில் குரோம் படிகாரத்தைக் கரைத்துப் பாருங்கள், ஊதா நிறம். சூடாக்கினால் பச்சையாகும். ஆறிய உடனே ஊதா திரும்பி வராது, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.