கடனும் சாலையும்: புனேயைச் சுற்றி மூன்று இணையரின் பயணங்கள்

கடந்த மாதம் நண்பர்களான ஒரு கணவனும் மனைவியும் புனேயிலிருந்து காரில் புறப்பட்டு, சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு வழியாகத் தமிழகம் வந்து சேர்ந்தார்கள். நின்று பார்த்த கோட்டைகள், கோயில்கள், அருவிகள், உணவகங்கள் என நாள்தோறும் படங்களைப் பகிர்ந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து நெடுந்தொலைவு செல்வது நம் வரலாற்றில் எந்தக் காரணங்களால் நிகழ்ந்தது?

தமிழ் மாணவருக்கு உடனே நினைவுக்கு வருவது சிலப்பதிகாரம். புகாரிலிருந்து மதுரை நோக்கிக் கோவலனும் கண்ணகியும் நடக்கும் பகுதிக்கு 'நாடுகாண் காதை' என்றே பெயர். காவிரிக் கரையின் சோலைகளும் வயல்களும் அதில் விரிவாக வருகின்றன. ஆனால் அவர்கள் நாடு காணப் புறப்பட்டவர்கள் அல்லர். குலம் தந்த பொருளெல்லாம் தொலைந்து, எஞ்சிய சிலம்பை முதலாகக் கொண்டு பிழைக்க ஊர் விட்டவர்கள். வழியின் அழகு அவர்கள் முன் விரிந்தது. அவர்களை வழியில் இறக்கியது பொருளிழப்பு.

புனேயில் தங்கி மராத்தியப் பெண்களின் தன்வரலாறுகளைப் படித்துவரும் எனக்கு, இதே அமைப்பு இந்நிலத்துப் பனுவல்களிலும் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. மூன்று இணையரை எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் பயணத்தைச் சொல்வது ஒரு பெண்ணின் குரல். மூன்றிலும் பின்னணியில் நிற்பது கடன்.

*

முதலாவது, பக்திக் கவிஞர் பஹிணாபாய் (1628–1700). எல்லோராவுக்கு அருகிலுள்ள தேவ்காவில் பிறந்தவர். மூன்று வயதில், முப்பது வயதான, மனைவியை இழந்த ரத்னாகர் பாதக் என்பவருக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். அவருடைய தன்வரலாற்றுப் பாடல்கள் மராத்தியில் ஒரு பெண் தன் வாழ்வைத் தானே சொன்ன மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று.

பஹிணாவுக்கு ஒன்பது வயதானபோது கடனும் பங்காளிப் பூசலும் சேர்ந்து குடும்பத்தை ஊரைவிட்டு வெளியேற்றின. தாய், தந்தை, கணவர், அவர் என அனைவரும் நடந்தனர். பண்டரிபுரம், சிங்கணாப்பூர், ரஹிமத்பூர் என்று ஊர் ஊராகத் தங்கி, பிச்சையேற்று உண்டு, கோலாப்பூரை அடைந்தனர். இன்றைய பயணி ஒரு வாரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய தலங்கள் இவை. அச்சிறுமிக்கு அவை ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்க்கை.

பண்டரிபுரத்தில் விட்டலனைக் கண்டதும், கோலாப்பூரில் ஜெயராம் சுவாமியின் கீர்த்தனையைக் கேட்டதும் அவரை மாற்றின. வீட்டுக்குத் தானமாக வந்த பசுவின் கன்று ஒன்று அவரைவிட்டுப் பிரியாமல் கீர்த்தனைக்கும் உடன் வந்தது. இச்செய்தி ஊரில் பேச்சானபோது கணவர் சினந்து அவரை அடித்துக் கட்டிப்போட்டார். கன்று இரையெடுக்காமல் மடிந்தது. இவற்றையெல்லாம் பஹிணாபாய் மறைக்காமல் பாடியிருக்கிறார். பின்னர் கணவர் நோயுற்று மனம் மாற, இருவரும் புனேக்கு அருகிலுள்ள தேஹுவுக்குச் சென்றனர். பிராமணக் குடும்பத்தினர் சூத்திரரான துக்காராமைக் குருவாக ஏற்பது அங்கே எளிதாக இருக்கவில்லை. மம்பாஜி என்பவரின் பகையை அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிறந்த ஊரிலேயே கடனின்றி வாழ்ந்திருந்தால் பஹிணாபாய் இக்கீர்த்தனையைக் கேட்டிருப்பாரா, தேஹுவுக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே. சாலை அவருக்குத் துன்பத்தையும் தந்தது, குருவையும் தந்தது. அதே சாலையில் அடித்த கையும் உடன் நடந்தது. இணையர் பயணத்தை இனிமையானதாக மட்டும் கற்பனை செய்பவர்களுக்கு இப்பாடல்கள் நல்ல மாற்று மருந்து.

*

இரண்டாவது இணையரின் கதை புனேயின் அரண்மனையில் தொடங்குகிறது. இரண்டாம் பாஜிராவின் காலத்தில் ராமச்சந்திர சாஸ்திரி என்னும் பண்டிதரிடம் அனந்த சாஸ்திரி டோங்கரே என்ற இளைஞர் பயின்றார். ஆசிரியர் பேஷ்வாவின் மனைவிக்கு வடமொழி கற்பித்துவந்தார். ஆசிரியருடன் அரண்மனைக்குச் சென்ற மாணவர் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வடமொழிச் செய்யுட்களைக் கேட்டு வியந்தார். தம் மனைவிக்கும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருள் விழுந்தது.

குடும்பத்தின் எதிர்ப்பால் முதல் மனைவியிடம் அது நிறைவேறவில்லை. அவர் இறந்த பின், யாத்திரை சென்ற அனந்த சாஸ்திரி கோதாவரிக் கரையில் நீராடும்போது, மனைவியோடும் இரு மகள்களோடும் யாத்திரை வந்த மற்றொரு பிராமணரைச் சந்தித்தார். பேச்சு திருமணத்தில் முடிந்தது. மறுநாளே ஒன்பது வயதான மூத்த மகள் இலட்சுமிபாய், நாற்பதைக் கடந்த அனந்த சாஸ்திரிக்கு மனைவியாகி, ஏறக்குறைய 900 மைல் தொலைவுக்குப் புறப்பட்டாள். இச்செய்தி அவர்களுடைய மகள் பண்டித ரமாபாய் 1887இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலால் உலகறிந்தது. ஒரே நாள் அறிமுகத்தில் மகளை அனுப்பிவைத்த அம்முறையைச் சாடிய ரமாபாய், தம் தாய்க்கு வாய்த்த கணவர் நல்லவராக இருந்தது தற்செயலே என்பதையும் உணர்ந்திருந்தார்.

பெண்ணுக்கு வடமொழி கற்பித்ததற்காக எழுந்த எதிர்ப்பு, அனந்த சாஸ்திரியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலாக் காட்டுக்குக் கொண்டுசென்றது. அங்கே 1858இல் ரமாபாய் பிறந்தார். அந்த வீடு மாணவர்க்கும் யாத்திரிகர்க்கும் திறந்தே இருந்தது. விருந்தோம்பலின் செலவு கடனாயிற்று. நிலம் கைவிட்டுப் போயிற்று. கைக்குழந்தையான ரமாபாயைப் பிரம்புப் பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு குடும்பம் மலையிறங்கியது. அதன்பின் அவர்களுக்கு நிலையான வீடு என்று ஒன்று இருக்கவில்லை.

இவர்களுடைய தொழில் புராணம் வாசித்தல். கோயில் மண்டபத்திலோ ஆற்றங்கரையிலோ அமர்ந்து வடமொழிப் புராணத்தை உரத்து வாசிப்பார்கள். கேட்பவர்கள் அரிசியும் பழமும் காசும் துணியும் வைத்துச் செல்வார்கள். தந்தை முதுமையடைந்த பின் மகளுக்குப் பாடம் சொன்னவர் தாய் இலட்சுமிபாய். விடியலுக்கு முன் எழுப்பிக் கற்பித்த அப்பாடங்களை ரமாபாய் நன்றியோடு நினைவுகூர்கிறார். கோதாவரிக் கரையில் கைமாற்றப்பட்ட சிறுமி, நடந்துகொண்டேயிருந்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியையாகியிருந்தார்.

1870களின் பஞ்சம் தென்னிந்தியாவில் அவர்களைப் பிடித்தது. புண்ணியம் தேடி நகையையும் பாத்திரங்களையும் விற்றுத் தானம் செய்திருந்தார்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கூலி வேலைக்கோ பிச்சைக்கோ போகக் குலப்பெருமை இடந்தரவில்லை. 1874இல் அனந்த சாஸ்திரி இறந்தார். சில மாதங்களில் ராய்ச்சூரில் இலட்சுமிபாயும் இறந்தார். பாடை சுமக்க நால்வர் கிடைக்காமல், இருவர் மட்டும் இரங்கி வந்தனர். மகனோடு நான்காவது ஆளாக ரமாபாயே தோள்கொடுக்க வேண்டியிருந்தது. உயரம் குறைவாக இருந்ததால் தாயின் பாடையைத் தலைமேல் தாங்கி நடந்ததாக 1907இல் வெளியான தம் சாட்சியத்தில் எழுதுகிறார்.

ராய்ச்சூர் என்ற ஊர்ப்பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. பம்பாயிலிருந்து புனே வழியாக வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் 1871இல் சந்தித்தது அங்கேதான். இரு மாகாணங்களும் இரும்பால் இணைக்கப்பட்ட அந்த இடத்துக்கு, மூன்றாண்டுகள் கழித்து, பசியோடு நடந்தே வந்து சேர்ந்தது இக்குடும்பம். போக்குவரத்தின் வரலாறு பாதைகள் திறந்த ஆண்டுகளைப் பதிவு செய்கிறது. பாதையருகே யார் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை அறிய இத்தகைய சாட்சியங்களே நமக்குத் துணை.

*

மூன்றாவது இணையரைச் சாலைக்குக் கொண்டுவந்ததும் கடன்தான். ஆனால் மற்றவர்களின் கடன். 1875 மே 12 அன்று புனே மாவட்டத்தின் சுபா என்ற ஊரின் சந்தையில் குடியானவர்கள் வட்டிக்குக் கொடுப்போரின் வீடுகளையும் கடைகளையும் தாக்கிக் கடன்பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர். கலகம் புனே, அகமதுநகர் மாவட்டங்களின் ஊர்களுக்குப் பரவியது. விசாரணைக் குழு அமைந்தது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சாத்தாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கான இச்சட்டம், பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே ஏற்காமல் கடனின் முழு வரலாற்றையும் நீதிமன்றம் ஆராய வழிசெய்தது. கிராம முன்சீப்புகளும் சமரசம் செய்வோரும் நியமிக்கப்பட்டனர். இவர்களையும் கீழ் நீதிமன்றங்களையும் மேற்பார்வையிடச் சிறப்பு நீதிபதியும் துணை நீதிபதியும் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. 1881இல் அத்துணைப் பதவிக்கு வந்தவர் மகாதேவ கோவிந்த ரானடே. உடன் சென்றவர் மனைவி ரமாபாய்.

இவ்விருவரும் 1873இல் மணந்தபோது அவருக்கு 31 வயது, ரமாபாய்க்கு 11. விதவை மறுமணத்துக்காகப் பேசிவந்த ரானடே, தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு சிறுமியை மணந்தது அவர் வாழ்வின் நீங்காத முரண். அச்சிறுமிக்கு அவரே எழுத்தறிவித்தார். புனே வீட்டின் மூத்த பெண்கள் அதைக் கேலி செய்தனர். ஆங்கிலப் படிப்பு தொடங்கியதும் கேலி பகையாயிற்று. நாசிக்குக்கு மாற்றலானபோதுதான் ரமாபாய்க்குத் தம் பொறுப்பிலேயே ஓர் இல்லம் கிடைத்தது.

1910இல் ரமாபாய் ரானடே வெளியிட்ட நினைவுக் குறிப்புகளை இக்கோணத்தில் படித்தால் ஒன்று புலப்படும். கூட்டுக் குடும்பத்தின் கண்காணிப்புக்கு அப்பால் இவர்கள் இணையராக வாழ்ந்த காலங்கள் பெரும்பாலும் மாற்றலிலும் சுற்றுப்பயணத்திலும் அமைந்தவை. பதவி தந்த சாலை அவர்களுக்கு ஒரு தனியறையைப் போலப் பயன்பட்டது. 1886இல் ரானடே நிதிக் குழுவில் உறுப்பினராகிக் கல்கத்தாவில் தங்கியபோது நடந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. ரானடே வங்காளி கற்கத் தொடங்கி மனைவியையும் கற்கச் செய்தார். ஒருநாள் முகம் மழிக்க வந்த நாவிதரிடமே சொற்களுக்குப் பொருள் கேட்டுப் படித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து ரமாபாய் கேலி செய்கிறார். பதினொரு வயதில் எழுத்துத் தெரியாமல் வந்தவர், கணவரின் பாடத்தைக் கேலி செய்யும் நிலைக்கு வந்திருந்தார்.

வரலாற்று மாணவர்க்கு மற்றொரு குறிப்பு. 1900இல் வெளியான ரானடேயின் மராத்திய எழுச்சி பற்றிய நூல், அரசர்களோடு பக்தி இயக்கத்தின் ஞானிகளுக்கும் ஓர் இயல் ஒதுக்குகிறது. தஞ்சை மராத்தியர் பற்றிய இயலோடு முடிகிறது. பண்டரிபுரமும் புரந்தரும் சாத்தாராக் கோட்டையும் அவர் பணிபுரிந்த மாவட்டங்களுக்குள் அடங்கியவை. குடியானவரின் கடன் வழக்குகளைத் தேடிச் சென்ற ஆண்டுகள் அந்நூலின் பார்வைக்குப் பங்களித்திருக்கும் என்பது என் கருத்து. சான்று காட்டி நிறுவும் முடிவாக இதை முன்வைக்கவில்லை. ஆராயத்தக்க கேள்வியாக வைக்கிறேன்.

*

இப்பனுவல்களைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. பஹிணாபாயின் பாடல்கள் குருவைக் கண்டடைந்தவரின் பின்னோக்கிய பார்வை. பண்டித ரமாபாயின் சாட்சியம் கிறித்தவரான பின், பழைய நம்பிக்கைகளின் பயனின்மையை உணர்த்த எழுதப்பட்டது. ரமாபாய் ரானடேயின் நூல் மறைந்த கணவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம். அவர் குறைகள் அதில் மெல்லிய குரலிலேயே ஒலிக்கும். மூன்றும் நாட்குறிப்புகள் அல்ல. ஆயினும் யார் எதனால் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள் என்பதில் மூன்றும் தெளிவாகப் பேசுகின்றன.

இரண்டாவது, மூன்றாவது சாலைகள் 1882இல் புனேயில் சந்தித்தன. பெற்றோர், உடன்பிறந்தார், கணவர் என அனைவரையும் இழந்து, கைக்குழந்தையோடு புனே வந்த பண்டித ரமாபாய் அங்கே ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கினார். அவரை வரவேற்றவர்களுள் ரானடே இணையரும் இருந்தனர். கூட்டங்களுக்குச் சென்ற இளம்பெண்களுள் ரமாபாய் ரானடேயும் ஒருவர். ஒரே பெயர் கொண்ட, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரு பெண்கள். ஒருவர் கடனால் வீடிழந்த இணையரின் மகள்; மற்றவர் கடனை விசாரிக்கச் சென்ற நீதிபதியின் மனைவி.

1890களின் இறுதியில் மீண்டும் பஞ்சம் வந்தபோது, பண்டித ரமாபாய் பசியால் வழியில் நின்ற சிறுமியரை மத்திய மாகாணங்களிலிருந்தும் பின்னர் குஜராத்திலிருந்தும் திரட்டிவந்து கேட்காவில் தங்கவைத்தார். பத்திரங்கள் எரிந்த சுபாவைப் போலவே கேட்காவும் புனே மாவட்டத்தின் வறண்ட சமவெளியில் உள்ள ஊர். நடந்து நடந்து பெற்றோரை இழந்த ஒருத்தி, நடப்பவர்கள் நின்றுகொள்ள ஓர் இடத்தை அங்கே அமைத்தார்.

நண்பர்களின் பயணப் படங்களில் நான் குறை காணவில்லை. திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்ற உறுதியோடு இருவர் சேர்ந்து ஊர் பார்க்கப் புறப்படுவது நம் நிலத்தில் எவ்வளவு அண்மையில், எவ்வளவு சிலருக்கு வாய்த்தது என்பதை நினைத்துக்கொள்ளவே இதை எழுதினேன். அடுத்த முறை அச்சாலையில் செல்லும் மாணவர்கள் தேஹுவிலும் கேட்காவிலும் சற்று நின்று செல்லலாம்.