கழட்டி மாட்டுற ராம் எங்கே போச்சு?

நமக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு, ராம் எவ்வளவு ஏத்தலாம்? 8 ஜிபி போதுமா, 16 போடணுமா?"

கேள்வி சின்னதுதான். ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்டாகணும். உங்க லேப்டாப்ல ராம் ஏத்தவே முடியுமா? பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இப்படிக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பீங்க. அடியில ரெண்டு மூணு ஸ்க்ரூவைக் கழட்டினா ஸ்லாட் இருக்கும். பழசை எடுத்துட்டு புதுசை மாட்டினா வேலை முடிஞ்சது. இன்னைக்குக் கடையில இருக்கிற பல லேப்டாப்ல அந்த ஸ்லாட்டே கிடையாது.

அந்த ஸ்லாட் எப்படி வந்தது, ஏன் காணாமப் போகுது, அதனால இன்னைக்கு ராம் விஷயத்துல நாம எப்படி முடிவெடுக்கணும்? இதுதான் இந்த எபிசோட்.

ஒழுகும் வாளி

1966-ல் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் டென்னார்ட் என்ற இன்ஜினியர் ஒரு எளிமையான வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை சிலிக்கானில் ஒரு பிட்டைச் சேமிக்க ஆறு டிரான்சிஸ்டர் வரை தேவைப்பட்டது. அவர் அதை ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் என்று சுருக்கினார். கெபாசிட்டரில் சார்ஜ் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இதற்கான காப்புரிமை 1968-ல் கிடைத்தது. இதைத்தான் இன்று டிராம் என்கிறோம்.

இதுல ஒரே ஒரு சிக்கல். அந்தக் கெபாசிட்டர் ஒழுகுற வாளி மாதிரி. சார்ஜ் தானா வடிஞ்சுடும். அதனால மொத்த மெமரியையும் திரும்பத் திரும்ப நிரப்பிக்கிட்டே இருக்கணும். உங்க லேப்டாப் ராம்ல வழக்கமா 64 மில்லிசெகண்டுக்குள்ள குறைஞ்சது ஒரு தடவை, அதாவது நொடிக்குப் பதினஞ்சு தடவைக்கு மேல இந்த வேலை நடக்குது. கரண்ட் போனா சேவ் பண்ணாத ஃபைல் போறதுக்குக் காரணமும் இதுதான்.

1970-ல் இன்டெல் தன்னுடைய 1103 சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு சிப்பில் 1024 பிட். இன்று நாம் "பத்தவே பத்தாது" என்று புலம்பும் 8 ஜிபியை அந்தச் சிப்களால் கட்ட வேண்டுமென்றால் 6 கோடியே 71 லட்சம் சிப் வேண்டும்.

கட்டைவிரலால் அழுத்திய காலம்

ஆரம்பகால பர்சனல் கம்ப்யூட்டர்களில் ராம் ஏற்றுவது என்றால் தனித்தனி சிப்பை வாங்கி, அதன் கால் வளையாமல் மதர்போர்டு சாக்கெட்டில் ஒவ்வொன்றாகச் செருகுவது. கம்ப்யூட்டர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தச் சிப்கள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே ஏறிவிடும். மெஷின் திடீரென்று மக்கர் பண்ணினால், மூடியைத் திறந்து ஒவ்வொரு சிப்பையும் கட்டைவிரலால் அழுத்துவது அன்றைய சர்வீஸ் முறைகளில் ஒன்று.

இதை மாற்றியது வாங் லேபரட்டரீஸ். 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் ஒன்பது சிப்களை ஒரு சின்னப் பலகையில் வரிசையாகப் பதித்து, பலகையையே கழட்டி மாட்டும்படி செய்தார்கள். எட்டு சிப் டேட்டாவுக்கு, ஒன்பதாவது பிழை கண்டுபிடிக்க. இதுதான் சிம் மாட்யூல். போன்ல போடுற சிம் இல்ல, இது வேற.

வாங் இந்த வடிவத்தைத் தொழில்துறையின் பொதுத் தரமாக்கவும் முயற்சி எடுத்தது. மற்ற கம்பெனிகளும் தயாரித்தால்தானே விலை குறையும்? பிறகு 1987-ல் காப்புரிமை கிடைத்ததும், தயாரித்த கம்பெனிகள் மீதே வழக்கு போட்டது. டோஷிபா, என்இசி மீதான வழக்கில் வாங் வென்றது. ஆனால் மிட்சுபிஷி வழக்கில் 1997-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. தயாரிக்கும்படி ஊக்குவித்ததே வாங் என்பதால், மிட்சுபிஷிக்கு மறைமுகமாக அனுமதி கொடுத்ததாகவே ஆகும் என்பது தீர்ப்பு.

இதை ஏன் சொல்றேன்னா, "எந்தக் கம்பெனி ராம் வாங்கினாலும் என் மெஷின்ல பொருந்தும்"ங்கிற வசதி இயற்கையா வந்தது இல்ல. சண்டை போட்டு, கமிட்டியில உக்காந்து பேசி வந்தது.

ஒரே அளவு, வேற வேற வெட்டு

லேப்டாப்புக்கு இந்த வசதி இன்னும் தாமதமாகத்தான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் பல கம்பெனிகள் தங்களுக்கென்று தனி மெமரி கார்டு வைத்திருந்தன. ஆப்பிளின் பவர்புக் 100 வரிசைக்கு அதற்கென்று செய்த கார்டுதான் வேண்டும். வேறு மெஷினில் அது ஏறாது.

ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் எஸ்ஓ-டிம் பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. டெஸ்க்டாப் ராம் பலகை சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். இது ஏறக்குறைய அதில் பாதி. பிறகு தலைமுறை தலைமுறையாக வந்தது: டிடிஆர், டிடிஆர்2 ரெண்டுக்கும் 200 பின். டிடிஆர்3-க்கு 204. டிடிஆர்4-க்கு 260. டிடிஆர்5-க்கு 262. வோல்டேஜும் 2.5-லிருந்து 1.8, 1.5, 1.2, 1.1 என்று இறங்கிக்கொண்டே வந்தது. தப்பான தலைமுறை ராமை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பலகையின் நடுவே இருக்கும் வெட்டு ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "அண்ணா, லேப்டாப்புக்கு ஒரு 8 ஜிபி ராம்"னு கேட்டா, "டிடிஆர் எத்தனை?"னு அவர் திருப்பிக் கேக்கிறது இதனாலதான்.

வெட்டு காப்பாத்தாத ஒரு இடமும் உண்டு. டிடிஆர்3-ல ரெண்டு வகை: சாதாரணம் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். ரெண்டும் ஒரே ஸ்லாட்ல அழகா உக்காரும். ஆனா 1.35 வோல்ட் மட்டும் கொடுக்கிற லேப்டாப்ல 1.5 வோல்ட் ராமைப் போட்டா மெஷின் ஆன் ஆகாது. இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப் யாராவது வச்சிருந்தா, பழைய ஸ்டிக் வாங்கும்போது அந்த "எல்" இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

விலை ஏன் தலைகீழா ஆடுது?

ராம் விலை தங்கத்தை விட மோசமாக ஏறி இறங்கும். 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. அங்கே தயாரானது சிப்பை மூடப் பயன்படும் எபாக்ஸிக்கான ரெசின். உலகத் தேவையில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ராம் விலை சட்டென்று எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கத்தின்போதும் விலை ஏறியது. 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷியில் எஸ்கே ஹைனிக்ஸ் ஆலை தீப்பிடித்தபோதும் அதே கதை.

எல்லாமே விபத்து இல்லை. 1999 முதல் 2002 வரை பெரிய டிராம் கம்பெனிகள் சில தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயித்தன. அமெரிக்க நீதித்துறை விசாரித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட சாம்சங் 30 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர், இன்ஃபினியான் 16 கோடி டாலர் அபராதம் கட்டின. பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் டெல், ஆப்பிள், ஐபிஎம் எல்லாம் இருந்தன.

அதற்குப் பிறகு பந்தயத்தில் ஆட்கள் குறைந்தார்கள். 2009-ல் ஜெர்மனியின் கிமோண்டா திவால். 2012-ல் ஜப்பானின் எல்பிடா திவால். அதை மைக்ரான் வாங்கியது. இன்று உலக டிராமில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில். 2025-ல் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, விலை மறுபடி ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாக ராம் விற்ற தன் க்ரூஷியல் பிராண்டை மூடுவதாக அறிவித்தது. 1996-ல் தொடங்கிய பிராண்ட் அது.

ஸ்லாட்டை யார் எடுத்தது?

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகிதக் கவரிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். எல்லோரும் அது எவ்வளவு மெலிசு என்று பார்த்தார்கள். உள்ளே 2 ஜிபி ராம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருந்தது. 2012-ல் ரெட்டினா மேக்புக் ப்ரோவும் அதே வழிக்கு வந்தது. ஐஃபிக்ஸிட் தளம் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ரிப்பேர் பண்ணும் வசதிக்குப் பத்துக்கு ஒரு மார்க் கொடுத்தது. 2020-ல் எம்1 வந்தபோது ராம் இன்னும் ஒரு படி உள்ளே போய், ப்ராசஸரின் பேக்கேஜிலேயே உட்கார்ந்தது. விண்டோஸ் லேப்டாப் கம்பெனிகளும் மெலிசான மாடல்களில் சால்டர் பக்கம் போயின.

இதை வெறும் பேராசைன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா இயற்பியல் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 6400 மில்லியன் தடவை டேட்டா அனுப்பற வேகத்துல ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 156 பிகோசெகண்ட். அதுக்குள்ள வெளிச்சமே 4.7 சென்டிமீட்டர்தான் போகும். போர்டுல இருக்கிற தாமிரக் கோட்டுல சிக்னல் அதுல ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும். அந்தக் கோடு ஒரு ஸ்லாட்டுக்குள்ள ஏறி, ஸ்பிரிங் காண்டாக்ட்டைத் தொட்டு, பலகைக்குத் தாவும்போது ஒவ்வொரு இடத்துலயும் சிக்னல் கொஞ்சம் எதிரொலிக்கும். வேகம் ஏற ஏற அந்த எதிரொலி அடுத்த பிட்டைக் கெடுக்கும். செல்போனுக்காக வந்த எல்பிடிடிஆர் இன்னும் குறைஞ்ச வோல்டேஜ்ல ஓடுது. பேட்டரி மிச்சம். ஆனா ப்ராசஸருக்குப் பக்கத்துல, சால்டர் பண்ணியே இருக்கணும்னு எதிர்பார்க்குது.

ஆக, சால்டர் பண்றது பாதி இயற்பியல். ஆனா அதுக்கு என்ன விலை வைக்கிறதுங்கிறது முழுக்க வியாபாரம். எம்1 மேக்புக் ஏர்ல 8-லிருந்து 16 ஜிபிக்குப் போக ஆப்பிள் கேட்டது 200 டாலர். ஸ்லாட் இருந்தா வெளியில விலை விசாரிக்கலாம். ஸ்லாட் இல்லாதப்போ விசாரிக்க ஆளே இல்ல. அடிப்படை மாடலையே 16 ஜிபியா மாத்த ஆப்பிளுக்கு 2024 வரைக்கும் ஆச்சு.

நடுவுல ஒரு வழி

2022-ல் டெல் ஒரு புது வடிவத்தைக் கொண்டுவந்தது: கேம். பக்கவாட்டில் செருகாமல், தட்டையாக வைத்து ஸ்க்ரூவால் அழுத்திப் பிடிப்பது. சிக்னல் போகும் பாதை குறைகிறது, தடிமனும் குறைகிறது. "இது டெல் மட்டும் வைத்துக்கொள்ளப் போகும் பூட்டு" என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் வடிவம் ஜெடெக்குக்குப் போய், 2023 டிசம்பரில் கேம்2 என்ற பொதுத் தரமாக வெளியானது. எல்பிடிடிஆர் ராமையே கழட்டி மாட்டும் எல்பிகேம்2 வகை 2024-ல் லெனோவோ திங்க்பேட் பி1-ல் வந்தது. அதை முதலில் கடைக்குக் கொண்டுவந்த பிராண்ட் எது தெரியுமா? மூடுவதாக அறிவிக்கப்பட்ட அதே க்ரூஷியல்.

சரி, இப்போ என்ன வாங்கலாம்?

முதல்ல ராம்தான் பிரச்சினையான்னு பாருங்க. வழக்கமா திறக்கிற எல்லாத்தையும் திறந்து வச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போங்க. 85, 90 சதவீதத்துல நின்னா ராம் ஏத்தலாம். பாதியிலயே நிக்குது, உள்ள இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் ஓடுதுன்னா, அந்தக் காசை எஸ்எஸ்டிக்குக் கொடுங்க.

அதே பக்கத்துல ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி இருக்கும். எஸ்ஓ-டிம்னு இருந்தா ஸ்லாட் இருக்க வாய்ப்பு அதிகம். "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா பெரும்பாலும் சால்டர். இதை மட்டும் நம்பாம, உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலையும் பாருங்க. சில மாடல்ல பாதி சால்டர், ஒரு ஸ்லாட் காலியா இருக்கும்.

அடுத்து தலைமுறை, வோல்டேஜ், மாடல் தாங்கற உச்ச அளவு. வேகத்துக்காக அதிகக் காசு வேண்டாம். 2400-ல ஓடற லேப்டாப்ல 3200 ஸ்டிக் போட்டாலும் அது 2400-லதான் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்னா, ஒரே 16-ஐ விட ரெண்டு 8 நல்லது. ரெண்டு சேனலும் வேலை செய்யும், கிராபிக்ஸும் அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்குது.

புதுசா வாங்கறவங்களுக்கு: ஸ்லாட் இருந்தா இன்னைக்குத் தேவையானதை வாங்குங்க, மிச்சத்தை விலை இறங்கும்போது பார்த்துக்கலாம். ஸ்லாட் இல்லன்னா, இன்னைக்கு என்ன தேவைன்னு மட்டும் யோசிக்காதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு என்ன தேவைன்னும் யோசிங்க. ப்ராசஸர்ல ஒரு படி இறங்கிக்கூட ராம்ல ஒரு படி ஏறலாம்.

ராம் போதாததால மட்டும் நல்ல ஸ்க்ரீன், நல்ல கீபோர்டு இருக்கிற ஒரு மெஷின் மூலையில கிடக்கிறது வீண் செலவு. ஒரு காலத்துல அதுக்கு மருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். ஸ்லாட் இல்லாத மெஷின்ல அந்த மருந்தை பில் போடறதுக்கு முன்னாடியே வாங்கியாகணும். அதனால கடைக்காரர்கிட்ட "எத்தனை ஜிபி?"னு கேக்கறதுக்கு முன்னாடி, "கழட்ட முடியுமா?"னு கேளுங்க.