கங்காணியின் கணக்கு

இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிப் போன கங்காணியை நாம் இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறோம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய புளுகர் என்பார்கள் சிலர். பஞ்சத்தில் கிடந்த உறவுக்காரர்களைக் கரையேற்றிய ஊர்ப் பெரியவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அவருடைய குணத்துக்கு எழுதிய தீர்ப்புகள். அவர் பார்த்த வேலை என்ன, அதற்கு வருமானம் எந்த வழியில் வந்தது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. ஆள் தேடுவது, இரண்டு பக்கமும் பொறுப்பேற்பது, கடன் கொடுப்பது, கடல் தாண்டிக் கூட்டிப் போவது, போன இடத்தில் நின்று வேலை வாங்குவது ஆகிய ஐந்தும் ஒரே கையில் இருந்தன. கங்காணி முறையின் கொடுமைக்கு அவர் சொன்ன பொய்களைவிட இந்தச் சேர்க்கையே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

1830களுக்குப் பிறகு கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பழம் பறிக்கும் காலத்தில் திடீரென்று ஏராளமான ஆட்கள் வேண்டும். தோட்டத்துரைக்குத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் யாரையும் தெரியாது. அங்கே நிலமில்லாமல் பண்ணை வேலை செய்தவர்களுக்குத் துரையைத் தெரியாது. நடுவில் ஒருவர் வாக்குக் கொடுக்காமல் இவர் பணம் இறக்கமாட்டார், அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். அந்த வாக்குத்தான் கங்காணியின் முதல். துரை கொடுத்த முன்பணம் பெரிய கங்காணிக்கு வந்து, அவரிடமிருந்து சில்லறைக் கங்காணிகளுக்குப் பிரிந்து, அவர்கள் வழியாக வீடுகளுக்குப் போனது. ஊரில் இருந்த பழைய கடனை அடைக்கவும், வழிச் சாப்பாட்டுக்கும், படகுக்கும் செலவான ஒவ்வொரு காசும் தொழிலாளியின் பேரில் பற்றெழுதப்பட்டது. வழியோ கொடியது. மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுப் பாதையில் கண்டிவரை நடக்க வேண்டும். காலராவும் காய்ச்சலும் பசியும் பெருந்தொகையானவர்களை வழியிலேயே கொன்றன. இறந்தவருக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது. அந்த நட்டத்தை உயிரோடு வந்து சேர்ந்தவர்களிடம் ஈடுகட்டிக்கொள்ளக் கங்காணிக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஏனென்றால் ஆரம்ப காலத்தில் அவர்களுடைய கூலியே அவர் கை வழியாகத்தான் வந்தது, அதுவும் பல தோட்டங்களில் மாதக்கணக்கில் தாமதமாக.

இந்த ஏற்பாட்டின் உள்வேலைப்பாட்டை இரண்டு சிறிய விஷயங்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று, துண்டு. இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் இத்தனை ரூபாய் கடன் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். ஆள் தட்டுப்பாட்டில் தவிக்கும் புதிய துரை பழைய கடனை அடைத்து, அதற்கு மேலும் முன்பணம் கொடுப்பார். இப்படிக் கைமாறக் கைமாறத் துண்டின் தொகை ஏறியது. ஏறிய கடனைச் சுமந்தவர்கள் மலையில் வேலை செய்தவர்கள். இடம் மாறும்போது அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்னொன்று, தலைக்காசு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை தலைக்கும் நாளுக்குச் சில சதம் கங்காணிக்கு. ஒரு பெண் காய்ச்சலோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்துவிட்டால் அன்றைய கணக்கில் அவருக்கு அவ்வளவு குறையும். ஊரில் அவளுடைய தாய் தகப்பனிடம் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பேற்றவரே அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பித் துரத்துவதற்கு இந்தச் சில சதம் போதும். நல்லவராகவே ஊரைவிட்டுக் கிளம்பிய கங்காணியையும் இந்தக் கணக்கு மாற்றியிருக்கும்.

இந்தச் சிக்கல் துரைமார்களுக்கும் தெரியாமல் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த அந்தச் சிறு தகரத்தைக் காட்டினால் வழிச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதி ஆளை அனுப்பிவைப்பார்கள். பணம் கங்காணியின் கையில் புழங்குவது அதனால் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1904இல் இலங்கைத் தோட்டக்காரர்கள் திருச்சியில் ஒரு தொழிலாளர் ஆணையத்தையே அமைத்தார்கள். ஆனாலும் வீட்டு வாசலில் நின்று பேசும் வேலைக்குக் கங்காணியை விட்டால் ஆளில்லை. எண் பொறித்த தகரத்தை நம்பி யார் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறுவார்கள்? கடனும் அவரோடு ஒட்டிக்கொண்டே போயிற்று. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க முடிந்தது. மலாயாவில் வேறு வழி பிடித்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தமிழரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பயணச் செலவு அந்த நிதியிலிருந்து வந்ததால் தொழிலாளி வழிக்கடன் இல்லாமல் இறங்கினார். கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும் என்றும் ஆயிற்று. அங்கே கூலி உயர்ந்துவிடவில்லை, லயத்து வாழ்க்கையும் மேலாகிவிடவில்லை. ஆனால் போகப்போகக் கங்காணி துணையில்லாமல் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களுக்குத் தாமாக வந்து கப்பலேறியவர்கள் பெருகினார்கள். கடனை மட்டும் அவர் கையிலிருந்து பிரித்ததற்கே இவ்வளவு பலன் இருந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தென்படவில்லை.

பஞ்சமும் சாதியும் துரத்திய மக்களுக்குக் கங்காணி எதற்கு, அவர்கள் எப்படியும் போயிருப்பார்களே என்று கேட்கலாம். 1876–78 பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாகப் போனார்கள் என்பது உண்மை. பண்ணையடிமை வாழ்க்கையிலிருந்து தப்பிக்கவே ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் கிளம்பினார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஊரைவிட்டு ஓட வேண்டும் என்பதைப் பஞ்சம் சொல்லும், எந்தத் தோட்டத்துக்கு, யார் பொறுப்பில், எவ்வளவு கடனோடு என்பதைச் சொல்லாது. அதை முடிவு செய்தவர் கங்காணி. அமைப்பைக் குற்றம் சொல்லி மனிதரைத் தப்பவிடுகிறாயா என்பது இதைவிடக் கனமான கேள்வி. இல்லை. இலங்கையில் பெரிய கங்காணிகள் பலர் தாங்கள் கூட்டி வந்தவர்களைவிட மேலான சாதிக்காரர்கள். ஊரிலிருந்த ஏற்றத்தாழ்வை லயம்வரை கொண்டுபோய், அதில் சொத்தும் சேர்த்தார்கள். உறவுக்காரரைக் கரையேற்றியவர் என்ற சித்திரம் இங்கே பெரும்பாலும் நிற்காது. ஆனால் அவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், முன்பணத்தை இறைத்து, தலைக்காசைத் தீர்மானித்து, துண்டில் கையெழுத்துப் போட்ட துரை கை கழுவிக்கொண்டு போய்விடுவார். எங்கள் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி கிடையாது, எல்லாரும் சுதந்திரமானவர்கள் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிந்ததே கங்காணி நடுவில் நின்றதால்தான்.

உடலுழைப்புக்கு ஆள் அனுப்புவதை மலாயாவுக்கு 1938இலும் இலங்கைக்கு 1939இலும் இந்திய அரசு நிறுத்தியது. ஆள் திரட்டும் வேலை அதோடு முடிந்தது, விளைவு முடியவில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும், அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. மூன்று தலைமுறைக்கு முன் ஒருவருடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பி மன்னார்க் கரையில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட தாள் ஏது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக நின்றார்கள்.