கம்பம்மெட்டும் மலைக்காய்ச்சலும்

கம்பத்திலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம் பெரியவர்கள் யானையைவிட அதிகமாகப் பயந்தது மலைக்காய்ச்சலுக்குத்தான். "மலைத்தண்ணி ஒத்துக்கலை" என்பார்கள். பழி தண்ணீர் மேல்! வெள்ளைக்காரரும் சளைத்தவரில்லை, மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம்.

1887 முதல் 1895 வரை பென்னிகுக் துரை முல்லைப் பெரியாறு அணை கட்டினபோது, அந்தக் காட்டில் வேலை பார்த்த ஜனங்களில் பலரை இந்தக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. கொயினா மருந்து அப்போதே உண்டு. நோய் எப்படித் தொற்றுகிறது என்பதுதான் தெரியாது. அணை திறந்தது 1895 அக்டோபரில். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். செத்தவர்களுக்கு அது என்ன பிரயோஜனம்?

பின்வந்தவர்களுக்குப் பிரயோஜனப்பட்டது. சுதந்திரம் வந்தபோது நாட்டில் வருஷத்துக்கு 7.5 கோடி பேருக்குக் காய்ச்சல், 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் தேசியத் திட்டம் வந்து வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். 1965இல் நோயாளிகள் சுமார் 1 லட்சம்தான். அத்தோடு விட்டுவிட்டோம் பாருங்கள்! கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976இல் 64 லட்சம் பேர். மறுபடி பாடுபட்டு, 2023இல் அரசுக் கணக்கு சுமார் 2.27 லட்சம்.

சமணனான எனக்குக் கொசு அடிக்கவும் கை வராது. கிட்டங்கித் தண்ணீர்த்தொட்டியை மட்டும் ஒரு நாளும் திறந்து போடுவதில்லை.